ஏ என்றால் அடைக்கலம்

ஜூலை 1, 2024

என் கணவருடைய ஆய்வேட்டை நான் என்னுடையது என்று சொல்லவில்லை. என்னுடைய ஆய்வேட்டைத்தான் கேட்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர்கள் இந்த ஊரில் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

நேற்றுப் பூசை முடிந்து வெளியே வரும்போது ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எக்கா, சார் எழுதினத நீங்க எழுதினதுன்னு யுனிவர்சிட்டில போயி சண்டை போட்டியளாமே?”

நான் பல்கலைக்கழகத்துக்கு இன்னும் போகவே இல்லை. நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், அவ்வளவுதான். அது நூலகத்திலிருந்து தமிழ்த் துறைக்குப் போய், அங்கிருந்து கோயில் வாசல்வரை வந்திருக்கிறது.

“வயசானா ஞாபகம் முன்னப்பின்ன ஆகத்தான் செய்யும். டாக்டர்ட்ட ஒருக்கக் காட்டலாம்லா?” என்றாள்.

“ரெஜினா, உன் சேலையில ஃபால்ஸ் பிரிஞ்சு தொங்குது” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நடந்ததை முறையாக எழுதி வைக்கிறேன். நான் 1973-இல் முனைவர் பட்டம் பெற்றேன். தலைப்பு: ‘பாளையங்கோட்டைக் குழாயடி வசைமொழிகள்.’ முகப்பில் ஏ. லூயிசா என்று இருக்கும். ஏ என்றால் அடைக்கலம், என் தகப்பனார். 1975-இல் எல். அமிர்தநாதனைத் திருமணம் செய்தேன். எல் என்றால் லாசர், என் மாமனார். அமிர்தநாதன் 1977-இல் பழைய உரையாசிரியர்களைப் பற்றி எழுதிப் பட்டம் பெற்றார். இப்போது பல்கலைக்கழக நூலகம் பழைய ஆய்வேடுகளை எல்லாம் ஸ்கேன் செய்து மின் ஆவணகத்தில் ஏற்றியிருக்கிறது. நல்ல காரியம். போன மாதம் என்னுடையதைத் தேடினேன். கிடைத்தது. பக்கங்கள்கூடத் தெளிவாக இருக்கின்றன. ஆசிரியர் என்ற இடத்தில் மட்டும் ‘அமிர்தநாதன், எல்.’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே, ‘இவருடைய மற்றோர் ஆய்வு’ என்று உரையாசிரியர்கள்.

மிக்சி ஜாரின் ரப்பர் வளையம் விட்டுவிட்டது. சட்னி மேடையெல்லாம் சிதறியது. துடைக்கவே காலையில் பாதி போயிற்று.

ஜூலை 3

நூலகத்துக்குப் போனேன். மின் ஆவணகத்தைப் பார்த்துக்கொள்ளும் துணை நூலகர் பெயர் சங்கரநயினார். ஐம்பது வயதிருக்கும். எழுந்து நின்று நாற்காலி போட்டார். மரியாதை தெரிந்தவர்.

“காபி சொல்லட்டுமாம்மா?”

“காபி வேண்டாம். என் பேர் எப்படி மாறிச்சுன்னு காட்டுங்க.”

திரையைத் திருப்பிக் காட்டினார். வெளிநாட்டில் செய்த மென்பொருள். அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. “நம்மகிட்ட ஏதும்மா குடும்பப் பேரு? அதனால இனிஷியல விரிச்சு அந்தக் கட்டத்துல போடச் சொல்லியிருக்கோம்.”

“ஏ-ய அமிர்தநாதன்னு விரிச்சது யாரு?”

“பொம்பளையாள்னா வீட்டுக்காரர் பேருதானேம்மா வரும்?”

“கல்யாணம் ஆகாத பொம்பளைக்கு?”

அவர் என் பதிவைத் திறந்து காட்டினார்.

ஆக, குடும்பப் பெயர் அமிர்தநாதன், சொந்தப் பெயர் லூயிசா. சுருக்கினால் ‘அமிர்தநாதன், எல்.’ என் கணவருக்குச் சொந்தப் பெயர் அமிர்தநாதன், இனிஷியல் எல். திருப்பிப் போட்டாலும் அதே ‘அமிர்தநாதன், எல்.’ ஒரே பெயர் இரண்டு முறை வந்ததும், இருவரும் ஒருவர்தானா என்று இயந்திரம் கேட்டிருக்கிறது. இயந்திரத்துக்கு இருந்த சந்தேகம்கூட மனிதர்களுக்கு இல்லை.

“உங்க பேர் இதுல எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

அவருடைய கட்டுரை ஒன்றைத் தட்டிக் காட்டினார். ‘சுடலைமுத்து, எஸ்.’

“சுடலைமுத்து யாரு?”

“எங்க அப்பாம்மா. சமாதானபுரத்துல பலசரக்குக் கடை வச்சிருந்தாரு.”

“கடைய அடைச்சிட்டு வந்து நூலக அறிவியல் எழுதியிருக்காரு. பெரிய மனுஷர்தான்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “திருத்திரலாம்மா. ஆனா ரெண்டும் ஒருத்தர்தான்னு உறுதி சொன்னது தமிழ்த் துறை. பொன்னையா சார் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவங்க அத புஸ்தகமாவே போடுதாங்களே, உங்களுக்குத் தெரியும்லா?” என்றார்.

தெரியும் என்று தலையசைத்தேன். தெரியாது.

ஜூலை 5

சிலிண்டர் வந்தது. மிக்சி ரப்பர் கிடைக்கவில்லை. கடைக்காரர் புது மிக்சி வாங்கச் சொல்கிறார். ஒரு வளையத்துக்காக மிக்சியையே மாற்றும் பழக்கம் எனக்கில்லை.

ஜூலை 7

பொன்னையா வந்தார். என் கணவரின் மாணவர். இப்போது துறைத் தலைவர். ஆப்பிளும் அழைப்பிதழும் கொண்டுவந்தார். காலைத் தொட்டு வணங்கினார். இந்த வீட்டில் எத்தனையோ நாள் இட்லி சாப்பிட்டவர்.

அமிர்தநாதன் இறந்து இம்மாதம் இருபத்தாறாம் தேதி இரண்டு ஆண்டு ஆகிறது. அன்று நினைவுக் கருத்தரங்கம். அதில் நூல் வெளியீடு. ‘குழாயடி வசைமொழிகள்’, ஆசிரியர்: முனைவர் எல். அமிர்தநாதன். முதல் பிரதியை நான் வெளியிட வேண்டுமாம்.

அழைப்பிதழில் ‘நினைவு கருத்தரங்கம்’ என்று அச்சாகியிருந்தது. க் போட்டுத் திருத்திக் கொடுத்தேன்.

“இது மட்டும்தான் தப்பாம்மா?” என்று சிரித்தார்.

“இல்ல பொன்னையா. ஆசிரியர் பேரும் தப்பு.”

அவர் கையில் இருந்த பையிலிருந்து முன்னுரையின் அச்சுப்படியை எடுத்துக் காட்டினார். ஆண் ஒருவர் இத்தகைய பொருளில் எழுதத் தயங்கிய காலம் என்பதால், பேராசிரியர் தம் துணைவியார் பெயரில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார் என்று எழுதியிருக்கிறார். வாக்கியத்தில் பிழை இல்லை. செய்திதான் பிழை.

“இத யாரு உங்ககிட்ட சொன்னது?”

“சாரேதாம்மா. கிளாஸ்ல எத்தனையோ தடவ சொல்லியிருக்காங்க. ‘குழாயடிய எழுதினது நாந்தாம்ல, அவ பேருல போட்டேன்’னு. எங்க பேட்ச் முழுக்கக் கேட்டிருக்கு.”

நான் ஆப்பிளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். பிறகு சொன்னேன்: “பொன்னையா, நீங்க எழுதியிருக்கறது உண்மைன்னா என் பட்டம் போலி. இன்னொருத்தி பேர்ல ஆய்வு எழுதிக் குடுத்த உங்க சார் மோசடிக்காரர். விழா எடுத்து இதச் சொல்லப் போறீங்களா?”

அவர் அதை யோசித்திருக்கவே இல்லை. முகம் அப்படியே வெளிறிவிட்டது. “அப்படிப் பாக்கக் கூடாதும்மா… அந்தக் காலத்துல இதெல்லாம் ஒரு இதுதான…”

“ஒரு எது?”

காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 8

அமிர்தநாதன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். மாணவர்கள் வகுப்பில் பாதியைக் கேட்பார்கள், பாதியைத் தாங்களே சேர்ப்பார்கள்.

ஜூலை 10

தேவசகாயம் சார் வீட்டுக்குப் போனேன். என் கணவர் தமிழ் நடத்திய கல்லூரியில் ஆங்கிலத் துறையில் இருந்தவர். என் கணவரும் அவரும் முப்பது ஆண்டுகள் ஒரே ஸ்டாஃப் ரூம். மறுப்பார் என்று நினைத்துத்தான் போனேன்.

“என்ன லூயிசாம்மா, இப்பம் போயி இத எதுக்குக் கிளறுதிய?” என்றார். அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் முழுவதையும் சொல்லச் சொன்னேன்.

“வேற ஒண்ணுமில்ல. நீங்க டாக்டர், அவன் அப்பம் வெறும் எம்.ஏ. நாங்க சும்மா இருப்போமா? ‘வே அமிர்தம், டாக்டரம்மா வீட்டுக்குள்ள வந்தா நீரு எந்திச்சி நிப்பீராவே’ன்னு ஓட்டுவோம். ரெண்டு வருஷம் பொறுத்தான் பாவம். ஒருநா பட்டுன்னு சொன்னான், ‘எழுதினதே நாந்தான்வே. அவ போயி குழாயடில நிப்பாளா’ன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நாங்க என்ன சொல்ல? சிரிச்சோம்.”

“அது கல்யாணத்துக்கு முந்தி எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“அத யாரும்மா கணக்குப் பாத்துக்கிட்டு இருந்தா?”

“அவர் பட்டம் வாங்கின பிறகு நிறுத்திட்டாரா?”

தேவசகாயம் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. “பழகிப் போச்சுல்லா. ரிட்டயர்மெண்ட் பார்ட்டிலகூட சொன்னான். நீங்களும் முன் வரிசைலதான் இருந்திய.”

இருந்தேன். மைக் சரியில்லை என்று நினைத்திருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வேலையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாராவது அதையும் மாற்றிச் சொல்லலாம். 1978-இல் அதே கல்லூரியில் ஓர் இடம் காலியானது. விண்ணப்பித்தேன். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. மகள் ஜெசிந்தா கைக்குழந்தை. அந்தச் செய்தியைச் சொல்ல வரும்போது அவர் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அல்வா வாங்கி வந்தார். எனக்கு அல்வா பிடிக்காது. அவர் சாப்பிட்டார்.

ஜூலை 12

நான் குழாயடியில் நின்றேன்.

சம்பங்கித் தெரு முக்கில் இரண்டு குழாய்கள். காலையில் தண்ணீர் வரும். முதல் வாரம் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். வட்டிக்காரியா, சுகாதார இலாகாவா என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டாள். அம்மாவின் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து பேச்சு வந்தது. கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்து எழுதுவேன். குடத்தை இறக்கி வைக்கக்கூடப் பொறுமை இருக்காது. இடுப்பில் குடமும் கையில் பென்சிலுமாக நிற்பேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்கள்.

எங்கள் பள்ளியில் மதர் பெர்னதெத், ‘போடி’ என்று சொன்னதற்காக ஒரு பெண்ணை நாள் முழுவதும் வெயிலில் நிறுத்தினார்கள். அங்கே படித்தவள் நான். முதலில் கேட்ட சொற்களை எழுதவே கை வரவில்லை. பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. அவர்கள் சும்மா கத்தவில்லை. வரிசையில் முந்தியவளுக்கு ஒரு வகை, குடத்தை நகர்த்தியவளுக்கு வேறு வகை, பிள்ளையைத் தொட்டுப் பேசிவிட்டால் அதற்கென்று தனி வகை. எந்தச் சொல்லை எந்தச் சொல்லால் எதிர்க்கலாம், எதைச் சொன்னால் மறுநாள் முகத்தில் விழிக்க முடியாது என்பதெல்லாம் அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த ஒழுங்கை எழுதினேன். மதர் பெர்னதெத்தின் ஒழுங்குக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

என்னையும் விட்டுவைக்கவில்லை. “எளா காயிதந்தின்னி, கொடத்த நவுத்துளா” என்று பூவம்மாள் என்று ஒருத்தி தினமும் சொல்வாள். காகிதம் தின்கிறவளாம் நான். அதையும் ஆய்வேட்டில் சேர்த்தேன். தொழிலைச் சுட்டும் வசை என்ற பிரிவில் இருக்கிறது.

நான்காம் இயலை இன்று ஆவணகத்தில் திறந்து படித்தேன். தெருவில் ஓர் ஆண் வந்தால் பேச்சு எப்படி மாறுகிறது என்பதைப் பற்றிய இயல். பாதிச் சொல்லில் நிறுத்துவார்கள், முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். அவன் கடந்து போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். நன்றாக எழுதியிருக்கிறேன். இரண்டு ஒற்றுப்பிழைகள் இருக்கின்றன. ஸ்கேன் செய்தவர்கள் மேல் பழி போட முடியாது; என்னுடையவைதான்.

ஜூலை 14

ஜெசிந்தா சென்னையிலிருந்து பேசினாள். பொன்னையா அவளுக்குப் போன் செய்திருக்கிறார்.

“மம்மி, ரெண்டு பேர் பேரையும் போட்டுர்றோம்னு சொல்றாங்க. அமிர்தநாதன், லூயிசா. அழகாத்தானே இருக்கு? கல்யாணப் பத்திரிக மாதிரி.”

“நான் எழுதினது கல்யாணப் பத்திரிக இல்ல ஜெசி, ஆய்வேடு.”

“டாடி ஜோக்குக்குச் சொல்லியிருப்பாங்க.”

“அம்பது வருஷமாவா?”

“இப்ப என்ன, டாடிய மேடையில ஏத்திப் பொய்யர்னு சொல்லணுமா உங்களுக்கு? அவங்க இருந்தப்ப கேட்டிருக்கலாம்ல?”

“எனக்குத் தெரியாது.”

“மம்மி.” குரலைத் தணித்தாள். “எனக்கே தெரியும் மம்மி. ஸ்கூல்ல படிக்கறப்பவே. டாடி அங்கிள்ஸ்கிட்ட சொல்லிச் சிரிப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

பால் அடுப்பில் இருந்தது. போய்ப் பார்ப்பதற்குள் தீய்ந்துவிட்டது. பாத்திரத்தைத் தேய்க்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 15

இரண்டு பெயர் கிடையாது.

ஜூலை 19

பல்கலைக்கழகத்தில் விசாரணை. அதை அவர்கள் ‘கலந்துரையாடல்’ என்று சொன்னார்கள். ஆராய்ச்சிப் பிரிவின் டீன் மங்கையர்க்கரசி, பொன்னையா, சங்கரநயினார். கஞ்சி போட்ட சாம்பல் நிறப் புடவை கட்டிப் போனேன்.

டீன் நேரடியாகப் பேசுகிறவர். “அம்மா, உங்க கோரிக்கைய நீங்களே சொல்லுங்க.”

“ஆய்வேட்டுல ஏ. லூயிசான்னு இருக்கு. ஆவணகத்துலயும் புத்தகத்துலயும் அப்படியே இருக்கணும். வேற ஒண்ணுமில்ல.”

திருமணச் சான்றைக் கொடுத்தேன். பட்டம் வாங்கி இரண்டு ஆண்டு கழித்துத் திருமணம். அந்த ஏ அமிர்தநாதனாக இருக்க வழியில்லை. டீன் படித்துவிட்டுப் பொன்னையாவிடம் நீட்டினார்.

பொன்னையா தொண்டையைச் செருமினார். “தேதி சரிதான் மேடம். ஆனா கல்யாணத்துக்கு முந்தியே ரெண்டு பேருக்கும் பழக்கம் இருந்திருக்கலாம்லா? சார் எழுதிக் குடுத்திருக்கலாம்…”

நான் அவரைப் பார்த்து ஒரு சொல் சொன்னேன். ஆய்வேட்டில், ஒழுக்கத்தைப் பழித்தவளுக்குத் திருப்பிச் சொல்லும் வசைகள் என்ற பிரிவில் அது மூன்றாவதாக இருக்கிறது. இங்கே எழுதவில்லை. சங்கரநயினார் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. டீன் மேசையில் இருந்த தாளை வெகு நேரம் படித்தார்.

“மன்னிக்கணும் டீன். மேற்கோள்” என்றேன்.

பொன்னையா காதுவரை சிவந்து, “நான் தப்பாச் சொல்லலம்மா” என்றார்.

“பொன்னையா, நாலாம் இயல் வாசிச்சீங்களா?”

“வாசிச்சேம்மா. அற்புதமான இயல்.”

“அது என்ன சொல்லுது?”

“ஆம்பிள வந்தா பொம்பளைங்க பேச்ச நிறுத்திருவாங்கன்னு.”

“நிறுத்தின பேச்ச உங்க சார் எப்படிக் கேட்டாரு? சேல கட்டிக் கொடம் எடுத்துட்டுப் போனாரா?”

டீன் சிரித்துவிட்டார். சிரித்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “அம்மா, நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா சார் தன் வாயாலயே சொல்லியிருக்காங்க. வகுப்புல, பொது இடத்துல, நிறைய பேர் கேட்டிருக்காங்க. அதுக்கு நான் கோப்புல என்ன எழுத?”

பொன்னையா என்னைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தார். அவருக்குச் சார் மேல் உண்மையான பக்தி. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அமிர்தநாதன் வேடிக்கைக்குச் சொன்னார் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஐம்பது ஆண்டு வேடிக்கையைக் கோப்பில் எழுத முடியாது.

“எழுதிக்கங்க” என்றேன். “என் கணவர் மோசடி செய்யல. யாருக்கும் ஆய்வு எழுதிக் குடுக்கல. அவர் பொய் சொன்னார். பொய் சின்னது. அது மட்டும்தான் அவர் செஞ்சது.”

டீன் எழுதினார். நான் சொன்னபடியே எழுதியிருக்கிறாரா என்று வாங்கிப் படித்துப் பார்த்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெயில்.

ஜூலை 20

சனிக்கிழமைதோறும் கல்லறைக்குப் பூ கொண்டு போவேன். இன்று போகவில்லை. கால் வலி.

அமிர்தநாதன் நல்ல கணவர். எனக்கு டைஃபாய்டு வந்தபோது ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். என் புடவைகளை அவர்தான் இஸ்திரி போடுவார். மடிப்பு கத்தி மாதிரி இருக்கும். நான் எதையாவது படித்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் எழுந்து வானொலியை வைப்பார். செய்தி நேரம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூலை 21

கால் வலி இல்லை. போகவில்லை.

ஜூலை 23

பொன்னையா போன் செய்தார். விழாவைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். தேதி பிறகு சொல்வார்களாம். அட்டை முன்பே அச்சாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார்.

“கிழிச்சுட்டு வேற அட்டை போடுங்க.”

“அம்மா, ‘எழுத்தும் தொகுப்பும்: எல். அமிர்தநாதன், கள உதவி: லூயிசா அமிர்தநாதன்’னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா…”

“நான் யாருக்கும் கள உதவி இல்ல. நீங்க ஸ்டிக்கர் ஒட்டினா நான் மேடைக்கு வருவேன். மைக் குடுத்தாலும் பேசுவேன், குடுக்காட்டாலும் பேசுவேன். எனக்குக் குழாயடிப் பழக்கம் உண்டு. மைக் தேவையில்ல.”

“வேண்டாம்மா. நீங்க செய்யக்கூடியவங்க” என்றார்.

கடைசியில் ஒன்று சொன்னார். “சாரப் பத்தி நான் எழுதின முன்னுரைய என்னம்மா செய்ய? ராத்திரி பகலா எழுதினேன்.” அவருக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. உரையாசிரியர்களைப் பற்றிய ஆய்வேட்டுக்கு எழுதச் சொன்னேன். அதுதான் அவர் சாருடைய உழைப்பு. அதை யாரும் இதுவரை அச்சிடவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜூலை 26

நினைவு நாள். பூசைக்குக் கொடுத்திருந்தேன். ஜெசிந்தா வந்திருந்தாள். இருவரும் கல்லறைக்குப் போனோம். அவள் ஜெபம் சொல்லும்போது நான் கல்லில் இருந்த மெழுகைச் சுரண்டினேன். ‘முனைவர் எல். அமிர்தநாதன்’ என்று வெட்டியிருக்கிறது. ஆவணகப் பட்டியலில் உள்ளதுபோலத் திருப்பிப் போடவில்லை.

“அவங்கமேல கோவமா மம்மி?” என்றாள்.

“ஆமா.”

அவள் எதிர்பார்க்கவில்லை. என் கையிலிருந்த பூவை வாங்கி அவளே வைத்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில், “எனக்கு அந்தப் புஸ்தகத்தப் படிக்கணும் மம்மி. லிங்க் அனுப்புங்க” என்றாள். நாற்பத்தாறு வயதில் கேட்கிறாள். அனுப்பினேன். சாயங்காலம் அடுத்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. “மம்மி, இந்த வார்த்தைக்கு நெஜமாவே இதான் அர்த்தமா?” என்று கத்தினாள். ஆமாம் என்று கத்தினேன்.

ஜூலை 30

சங்கரநயினார் போன் செய்தார். டீன் உத்தரவில் இரண்டு ஆசிரியர்களையும் பிரித்துவிட்டார்களாம். சந்தோஷமாகச் சொன்னார். திறந்து பார்த்தேன். என் ஆய்வேட்டுக்கு எதிரே ‘அமிர்தநாதன், லூயிசா’ என்று இருக்கிறது.

திரும்பக் கூப்பிட்டேன். “ஏ என்னாச்சு?”

“அந்தக் கட்டத்துல அதுதாம்மா இருக்கு. உங்க ஆதார்லயும் அப்படித்தானே இருக்கு? இவ்வளவு தூரம் வந்தாச்சு, இதுல என்னம்மா…”

“ஆய்வ ஆதார் எழுதல.”

அவர் மேலே பேச வேண்டும் என்றார். மேலே இருப்பவர்கள் எல்லோரும் போனில்தான் பேசுகிறார்கள். ஒரு மாதமாக இந்த விஷயத்தில் ஒருவரும் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. என் கணவர் சொன்னதும் வாய்ப்பேச்சுதான். வாயால் சொன்னது ஐம்பது ஆண்டு நின்றதை நான் பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2

இன்று பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் நகல்:

பாளையங்கோட்டை
02.08.2024

பல்கலைக்கழக நூலகருக்கு,

வணக்கம். தங்கள் மின் ஆவணகத்தில் ‘பாளையங்கோட்டைக் குழாயடி வசைமொழிகள்’ (1973) என்ற ஆய்வேட்டின் ஆசிரியர் பெயரைத் தாங்கள் ஒரு முறை தவறாகவும், ஒரு முறை முக்கால்வாசி சரியாகவும் எழுதியிருக்கிறீர்கள். முகப்புப் பக்கத்தில் உள்ளபடி ‘ஏ. லூயிசா’ என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாதென்றால் அதில் லூயிசா என்றே போடுங்கள். அது என் பெயர். அதை எந்தக் கட்டத்தில் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

எல். அமிர்தநாதனின் ‘உரையாசிரியர்கள்’ (1977) அவருடைய சொந்த ஆய்வு. அதில் ஒரு வரியும் நான் எழுதவில்லை, திருத்தவும் இல்லை. அதை யாராவது என்னுடையது என்று பதிவு செய்தால் அப்போதும் தங்களுக்கு இதே போல எழுதுவேன்.

எனக்கு வயது எழுபத்தெட்டு. உடல்நலம் நன்றாக இருக்கிறது. நினைவாற்றல் அதைவிட நன்றாக இருக்கிறது. இந்த விஷயமாக வரும் தொலைபேசி அழைப்புகளை இனி எடுக்க மாட்டேன்.

தங்கள் பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

முனைவர் ஏ. லூயிசா